வாங்குவதும் விடுவதும்

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் எட்டு வயதுப் பெண்ணை அழைத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போனேன். உச்சிப் பிள்ளையாரைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவள் ஒரு வருஷமாகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். காரணம் என்னவென்று பின்னால் சொல்கிறேன்.

கீழே மாணிக்க விநாயகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஏற ஆரம்பித்தோம். பாறையின் உயரம் 83 மீட்டர். படிகள் நானூற்றுக்கு மேல். முதல் நூறு படிகள் வரையில் நான் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அடுத்த நூறில் அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தாயுமானவர் சந்நிதிக்குத் திரும்புகிற இடம் வந்ததும், ஸ்தல புராணத்தில் எனக்குத் திடீரென்று மிகுந்த சிரத்தை உண்டாகி, அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னப்பா, மூச்சு வாங்கறதா?” என்றாள்.

“கொஞ்சம் வாங்கறது” என்றேன்.

“யார்கிட்டேயிருந்து வாங்கறே?”

குழந்தைகள் இப்படித்தான் ஏதாவது கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குரங்கு பார்க்கப் போய்விடுகிறார்கள். கேள்வி நம்மிடம் தங்கிவிடுகிறது. வார்த்தைகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவன் நான். இருந்தும் இத்தனை வருஷமாக இதைக் கவனித்ததில்லையே என்று வெட்கமாக இருந்தது. சௌக்கியமாக இருக்கிறவன் மூச்சு ‘விடுகிறான்.’ சிரமப்படுகிறவனுக்குத்தான் மூச்சு ‘வாங்குகிறது.’ சதா இரண்டும் நடந்துகொண்டிருக்க, விடுவதை மட்டும் எடுத்து அந்தக் காரியம் முழுவதற்கும் பெயராக வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்ல என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வெகு காலம் ஆயிற்று; கொடுத்த விலையும் சிறியதல்ல.

கல்லூரியில் இரண்டே வருஷம் விஞ்ஞானம் படித்தவன் நான். அதற்கு மேல் கல்லூரி என்னைத் தாங்கவில்லை. நானும் கல்லூரியைத் தாங்கவில்லை. அந்த இரண்டு வருஷப் படிப்பில் இன்றும் மனத்தில் நிற்பது ஒரு தவளைதான். தவளைக்கு மூச்சு விடத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும் என்று எங்கள் ஆசிரியர் சொல்லுவார். தொண்டையின் அடிப்பக்கத்தைத் தாழ்த்தி மூக்கு வழியாகக் காற்றை வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும்; பிறகு மூக்கை மூடிக்கொண்டு, அதே தொண்டையை உயர்த்திக் காற்றை நுரையீரலுக்குள் தள்ளும். குளத்தங்கரையில் அதன் தொண்டை படபடவென்று அடித்துக்கொள்வது இதனால்தான்.

மனிதனுக்கு அந்த அவஸ்தை இல்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்று ஒரு தசை, கவிழ்த்த கிண்ணம் போல் இருக்கிறது. அது சுருங்கிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் மேலே எழும்புகின்றன. மார்புக்குள் இடம் பெரிதாகிறது. கொல்லன் துருத்தியை விரித்தால் காற்று எப்படித் தானே வந்து நிரம்புகிறதோ, அப்படி வெளிக் காற்று உள்ளே வந்துவிடுகிறது. நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. இடம் கொடுத்தால் விரியும். அவ்வளவுதான்.

விடுவதற்கு அந்த வேலையும் வேண்டாம். தசை தளர்ந்தால் போதும். இழுத்த ரப்பர் பழைய நிலைக்குத் திரும்புகிற மாதிரி நுரையீரல் சுருங்கி, காற்று வெளியே போய்விடுகிறது. நல்ல தேகத்தில், ஓய்வாக இருக்கும்போது, வாங்குவதில்தான் உழைப்பு. விடுவது என்றால் உண்மையிலேயே விட்டுவிடுவது.

அப்படி உள்ளே போன காற்றுக்கு என்ன ஆகிறது? மூச்சுக் குழாய் மார்புக்குள் இறங்கியதும் இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மறுபடியும் இரண்டாகிறது. இப்படிச் சுமார் 23 தடவை கிளை விட்டு, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு காற்றுப் பைகளில் போய் முடிகிறது. அந்தப் பைகள் 30 கோடிக்குக் குறையாது. எல்லாவற்றையும் பிரித்துத் தரையில் விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறு குடும்பம் குடியிருக்கும் வீட்டின் அளவு வரும். நுரையீரல் என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: நுரை என்பதே குமிழிகளின் கூட்டம்தானே! அந்தக் குமிழிகளின் சுவரைத் தொட்டுக்கொண்டு ரத்தம் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள திரை, தலைமுடியின் கனத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். அதன் வழியாகப் பிராணவாயு ரத்தத்துக்குள் போகிறது. கரியமில வாயு வெளியே வருகிறது. ஒரு மூச்சுக்கு அரை லிட்டர் காற்று, நிமிஷத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மூச்சு என்று கணக்குப் பண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர் லாரி நிறையக் காற்றை நாம் ஒவ்வொருவரும், சம்பளம் கேட்காமல், ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

நம்மை மூச்சு விடச் சொல்லித் தூண்டுவது எது? பிராணவாயுவின் பசிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் படித்துறையில் எங்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். காவேரியில் முங்கி யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று. முதலில் எழுந்து வருகிறவன் எப்போதும் நானாகத்தான் இருப்பேன். மார்பு வெடித்துவிடும் போல் இருக்கும். உள்ளே இருந்த காற்று தீர்ந்துபோயிற்று என்று சத்தியம் பண்ணுவேன். அது தப்பு. அந்த வேளையில் பிராணவாயு தீர்ந்துபோவதில்லை. நாம் வெளியே விடும் மூச்சில்கூட நூற்றுக்குப் பதினாறு பங்கு பிராணவாயு மிச்சம் இருக்கிறது. மார்பை முட்டுவது வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் சேர்ந்துபோன கரியமில வாயு. அதன் அளவு ஒரு துளி ஏறினால் போதும், மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் காவலாளி மணி அடித்துவிடுகிறான். 1905-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் இதைப் பரிசோதனை செய்து நிரூபித்தார்கள். ஆக, சாதாரணமாக நம்மை மூச்சு விடச் செய்வது வாங்கவேண்டும் என்ற ஆசை அல்ல. விடவேண்டியதை விட்டாகவேண்டும் என்ற நிர்ப்பந்தம்.

இவ்வளவையும் நான் புஸ்தகத்தில் படித்தது பிற்பாடு. இதே விஷயத்தை எனக்கு முதலில் சொன்னவர் ஓர் ஒத்துக்காரர்.

என் அப்பாவுக்கு இழுப்பு. டாக்டர்கள் ஆஸ்துமா என்பார்கள். பொன்மலை ரயில்வே பட்டறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் டிபன் பாத்திரம் என்று கம்பீரமாகப் போவார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து, தோள்களைத் தூக்கித் தூக்கி இழுப்பார். புல்லாங்குழல் பழகும் பையன் சுருதி சேராமல் ஊதுவது போல மார்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். அம்மா முதுகைத் தடவிக்கொண்டு நிற்பாள். தூதுவளை, ஆடாதோடை, வெந்நீர் எல்லாம் நடக்கும். நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி படுத்திருப்பேன். அந்தச் சத்தம் நிற்கவேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்வேன். நின்றுவிட்டாலோ, இன்னும் பயமாக இருக்கும்.

எங்கள் வீதிக் கோடியில் ஒரு கிழவர் குடியிருந்தார். நாகஸ்வரக் கச்சேரியில் பின்னால் உட்கார்ந்து ஒத்து ஊதுகிறவர். ஒத்து தெரியாத வாசகர்களுக்குச் சொல்கிறேன்: பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும், அதில் ராகம் கிடையாது, ஒரே ஸ்வரம்தான். வித்வான் ஊதினாலும் நிறுத்தினாலும் அந்தச் சுருதி அறுபடக்கூடாது. அதற்காக ஒத்துக்காரர் கன்னம் இரண்டிலும் காற்றைத் தேக்கி வைத்துக்கொள்வார். கன்னத்துக் காற்றைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் அதே சமயத்தில் மூக்கால் புதுக் காற்றை வாங்கிக்கொள்வார். ஸ்ரீரங்கம் நாகஸ்வரத்தின் அருமை தெரிந்த ஊர். ஆந்திரத்தில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா சாஹிப், எங்கள் ஊரையே தம் ஊராக்கிக்கொண்டு, 1999-இல் காலமாகும் வரையில் அங்கேதான் வாழ்ந்தார். இருந்தும் ஒத்துக்காரரின் பெயரைக் கேட்கிறவர் எந்த ஊரிலும் இல்லை. நான் அறிந்த நாளில் சுருதிப் பெட்டி வந்து கிழவருடைய ஜீவனத்தை வாங்கிக்கொண்டுவிட்டது. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் விடியற்காலையில் அப்பாவின் சத்தத்தைக் கேட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“சாமி, தப்பா நெனைக்கக்கூடாது. நீங்க இழுக்கறதிலேயே குறியா இருக்கீங்க. உள்ள இருக்கறது வெளியே போனாத்தானே புதுசுக்கு எடம்? மொதல்ல விடுங்க.”

திண்ணை மாடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. உதட்டைச் சீழ்க்கை அடிப்பது போல் குவித்து அதன் பக்கமாக ஊதிக் காண்பித்தார். “வெளக்கு அணையப்படாது. சுடர் சாயணும். சாஞ்சபடியே இருக்கணும்.” அவர் ஊதிக்கொண்டே இருந்தார், சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. நான் நூறு எண்ணினேன். அப்போதும் நின்றது.

கிழவர் சொன்னது சாஸ்திரத்துக்கு ஒத்தது. இழுப்பு என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. சிரமம் முக்கியமாக இழுப்பதில் இல்லை. சிறு மூச்சுக் குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகி, உள்தோல் வீங்கி, சளியும் சேர்ந்து வழி குறுகிப்போகிறது. மூச்சை வாங்கும்போது மார்பு விரிவதால் குழாய்களும் சற்று விரிந்து கொடுக்கின்றன. காற்று எப்படியோ உள்ளே போய்விடுகிறது. விடும்போது மார்பு சுருங்க, குறுகிய குழாய்கள் மேலும் குறுகுகின்றன. போன காற்று திரும்ப வழியில்லாமல் உள்ளே சிக்கிக்கொள்கிறது. அடுத்த மூச்சு அதற்கு மேல் வந்து சேருகிறது. மார்பு நிறையக் காற்றை வைத்துக்கொண்டே மனிதன் காற்றுக்குத் தவிக்கிறான். உதட்டைக் குவித்து மெதுவாக விட்டால், உள்ளே சற்று அழுத்தம் நின்று, குழாய்கள் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன; தேங்கிய காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. இன்று மருத்துவமனைகளில் இதைப் பயிற்சியாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்பாவுக்கு இதனால் கொஞ்சம் தேவலையாயிற்று. அங்கேதான் வினை வந்தது. திருச்சியில் ஒரு டாக்டர் அவரைப் பரிசோதித்து, வாயில் வைத்து இழுக்கும் ஸ்பிரே மருந்து எழுதிக்கொடுத்தார். நான்தான் கூடப் போயிருந்தேன். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. மருந்துக் கடை வாசலில் அப்பா நின்றார்.

“இது ஒரு தடவை போட்டா விடாதுடா. பழகிடும். நாலு பேர் எதிர்லே இதை வாயிலே வெச்சுண்டு நிக்கணும். இப்போ தேவலையாத்தானே இருக்கு?”

அவர் என்னைக் கேள்வி கேட்கவில்லை, சம்மதம் கேட்டார். நானும், “ஆமாம்ப்பா, எதுக்கு அதெல்லாம்?” என்றேன். எனக்கு அவசரம், சாயங்காலம் சிநேகிதர்களோடு ஒரு சினிமாவுக்குப் போக வேண்டியிருந்தது. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் திரும்பினோம்.

மௌலானா சாஹிப் காலமான அதே வருஷம், பகல் பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்த சமயம், ஓர் இரவு மூன்று மணிக்கு அப்பாவுக்குக் கண்டது. வண்டி பிடித்து வருவதற்குள் நாற்பது நிமிஷம் ஆயிற்று. பின் ஸீட்டில் என் மேல் சாய்ந்துகொண்டு உதட்டைக் குவித்துக் குவித்து விடப் பார்த்தார். காற்று வரவில்லை. காவேரிப் பாலத்தை நாங்கள் முழுவதும் தாண்டவில்லை.

மறுநாள் ஒத்துக்காரர் வந்தார். உள்ளே வராமல் வீதியிலேயே நின்றார். “ஊதத் தெரிஞ்சதைச் சொன்னேன், தம்பி. மருந்து வேணாம்னு நான் சொல்லலியே” என்றார். நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னவன் யார் என்று எனக்குத் தெரியும். அந்தச் சீட்டு, மடித்த மடிப்புக் கலையாமல், பஞ்சாங்கத்துக்குள் இருந்தது.

இப்போது என் பெண் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் இரவு அவள் எழுந்து உட்கார்ந்தாள். மார்புக்குள்ளிருந்து அந்தப் புல்லாங்குழல் கேட்டது. இருபத்து சொச்சம் வருஷத்துக்குப் பிறகு கேட்டாலும், ஒரு ஸ்வரம்கூட எனக்கு மறக்கவில்லை.

குழந்தை டாக்டர் நிதானமாக விளக்கினார். மருந்து இரண்டு வகை. ஒன்று, இறுகிய தசையை உடனே தளர்த்துவது. மற்றொன்று, உள்வீக்கத்தைத் தணிப்பது. அதை இழுப்பு இல்லாத நாளிலும் தினம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரே நேரே குழாயில் போய்ச் சேருவதால் மாத்திரையை விட மிகக் குறைந்த அளவு போதும். குழந்தைக்கு வாகாக இருப்பதற்காக நடுவில் ஒரு பிளாஸ்டிக் கூடு. ‘பழகிவிடும்’ என்பது வெறும் பயம். கண்ணாடி போட்டுக்கொள்கிறவன் கண்ணாடிக்கு அடிமையா என்று கேட்டார். எல்லாம் சொல்லிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, “வீட்டிலே யார் சிகரெட் பிடிக்கிறது?” என்றார்.

என் மனைவி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

“நான் மொட்டை மாடியிலேதான் பிடிக்கிறேன், டாக்டர்.”

“சட்டையையும் மாடியிலேயே விட்டுட்டு வருவீங்களா?”

எங்கள் ஊருக்குப் புகையால் வந்த கீர்த்தி உண்டு. உறையூரில் சுற்றிய சுருட்டு சீமை வரைக்கும் போயிற்று. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, துப்பறியும் நிபுணர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலையாளி பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார். இதைச் சிநேகிதர்களிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், கையில் சிகரெட்டுடன். அன்று டாக்டருக்குச் சாம்பலும் தேவைப்படவில்லை. மூச்சுக் குழாயின் உட்புறம் முழுவதும் மெல்லிய மயிரிழைகள், துடைப்பம் மாதிரி, தூசியையும் சளியையும் மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. புகை பட்டால் துடைப்பம் ஓய்ந்துபோகிறது. பிடிக்கிறவனுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் படுத்துத் தூங்கும் குழந்தையின் குழாய்க்கும் புகையால் கேடு உண்டு. அப்பாவுக்கு ‘வேண்டாம்’ என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். இவளுக்கு ஆறு வருஷமாகத் தினம் பத்துத் தடவை ஊதிக்கொண்டிருந்தேன். சிகரெட்டை அன்றே விட்டேன் என்று எழுத ஆசைதான். விடுவதற்கு ஏழு மாதமும் நாலு பொய்யும் ஆயின.

வீட்டில் அம்மா ஸ்பிரேயைப் பார்த்துவிட்டாள். “கொழந்தைக்கு அது வேண்டாம்டா. பழகிடும். உங்கப்பா கடைசி வரைக்கும் அதைத் தொடலை, தெரியுமோல்லியோ?” என்றாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. பதில் சொல்லாமல் மருந்தை அலமாரியில் வைத்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் இரவு குழந்தைக்கு மறுபடியும் வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி, கூட்டை அவள் வாயில் வைத்து, மருந்தை அழுத்தி, மூச்சுகளை எண்ணினேன். அம்மா என் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்மணி நேரத்தில் சத்தம் தேய்ந்து நின்றது. குழந்தை என் மடியிலேயே தூங்கிப்போயிற்று. நான் அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தேன். சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள் அம்மா.

“இவ்வளவுதாம்மா.”

அவள் சற்று நேரம் நின்றாள். பிறகு கூடத்துக்குப் போய், விளக்கைப் போடாமல் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டாள். விடிகிற வரையில் ஊஞ்சல் சங்கிலி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு வேளை தவறாமல் குழந்தைக்கு மருந்தை எடுத்துக் கொடுப்பதும், பிறகு வாய் கொப்புளிக்கச் செய்வதும் அவள்தான்.

மலைக்கோட்டையைத் தள்ளிப்போட்டு வந்த காரணம் இதுதான். கடைசியில் டாக்டரிடமே கேட்டேன். “மருந்து ஒழுங்கா எடுத்துக்கறா, தாராளமா ஏறட்டும். நீங்கதான் யோசிக்கணும்” என்றார்.

தாயுமானவர் வாசலில் நான் எழுந்திருக்க இன்னும் சிறிது நேரம் ஆயிற்று. முன்பு சிகரெட் பெட்டி இருந்த சட்டைப் பையில் ஸ்பிரே இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். குழந்தை திரும்பி வந்து எதிரே நின்றாள்.

“உதட்டைக் குவிச்சு மெதுவா விடுப்பா. பாட்டி சொல்லித் தந்தா. வெளக்கு அணையாம ஊதணுமாம்.”

விட்டேன். இரண்டு மூன்று தடவை விட்டதும், வாங்குவது தானே நின்றது. மிச்சப் படிகளை அவள் எண்ணிக்கொண்டே ஏறினாள். நான் எண்ணாமல் ஏறினேன். உச்சியில் நல்ல காற்று. கீழே தெப்பக்குளம், காவேரி, அதற்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். நடுவில் அந்தப் பாலம். அவள் பாலத்தைப் பார்த்து, எத்தனை வண்டி போகிறது என்று எண்ண ஆரம்பித்தாள். ஸ்பிரே பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

பிள்ளையார் சந்நிதியில் கண்ணை இறுக மூடி வெகுநேரம் ஏதோ வேண்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, “நீ என்ன வேண்டிண்டே?” என்றாள்.

“இரு, மூச்சு விட்டுக்கறேன்” என்றேன்.